அரைக் குன்றிமணி

ரப்பர் பால் நிறுக்கும் மணி பதினொன்று பத்துக்கு அடித்தது. பத்து நிமிடம் தாமதம். வேலி வாசலில் சிப்பாய்கள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.

டிரசர் அமிர்தலிங்கம், மானேஜர் துரையின் பங்களா வராந்தாவில் கண்ணாடித் தொட்டியின் முன் குனிந்திருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. மீன் வைத்தியம் இதுதான் முதல் தடவை. தொட்டியில் இருபது கேலன் கடல் தண்ணீர், போர்ட் டிக்சனிலிருந்து லாரியில் வந்தது. அதில் துரையம்மாவின் இரண்டு ஆரஞ்சு மீன்கள். உடம்பெல்லாம் மாவு தூவியது போல வெள்ளைப் புள்ளி.

"செத்துருமா ஐயா?" என்றாள் சமையல்காரி முத்தாயி.

"சரியா மருந்து போட்டா பொழைக்கும்."

"ரெண்டு விரல் மீனு. பசார்ல வாங்கியிருந்தா கொழம்புக்கே பத்தாதுலா."

அவள் சிரிக்கவில்லை. அவள் மகன் அர்ச்சுனன் ஐந்து வாரமாகச் சிரம்பான் லாக்கப்பில் இருந்தான். வாசல் சோதனையில் அவன் இடுப்பில் புண் மருந்துக் குப்பி அகப்பட்டது. காலுக்கு என்றான் அவன். சர்க்காரை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு என்றது போலீஸ். குப்பியைக் கொடுத்தவர் அமிர்தலிங்கம்தான். புண் இருந்தது நிஜம். போலீஸில் இரண்டு முறை போய்ச் சொன்னார். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

துரை ஜாமீன் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பல். அர்ச்சுனன் பிறந்தது இந்தத் தோட்டத்துக் கூலி லயத்தில். இந்தியாவைப் பார்த்ததில்லை.

காலையில் துரை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு மணிக்கு வருவார். மீன் உயிரோடு இருக்க வேண்டும். கடிதம் பற்றிப் பேச்சு அதற்கப்புறம்.

செம்புதான் மருந்து என்று துரையின் நண்பர் டெலிபோனில் சொல்லியிருந்தார். செம்புக் கம்பியும் போடலாம், செம்புச் சத்துள்ள மயில்துத்தமும் போடலாம். துத்தம் என்றால் இந்தத் தொட்டிக்கு அரைக் குன்றிமணி எடை. அதற்கு மேல் கூடாது.

மேசைமேல் மூன்று பொருள்கள் இருந்தன. ஒரு முழம் செம்புக் கம்பி. ஸ்டோரிலிருந்து, ரப்பர் மரத்துக்குப் பூசும் மயில்துத்தம். டிஸ்பென்சரியிலிருந்து, கண் நோய்க்கு வைத்திருக்கும் சுத்தமான மயில்துத்தம்.

"கம்பியப் போட்ருங்களேன். சுலபம்."

"எவ்ளோ கரையும்னு யாருக்குத் தெரியும்? கூடிப்போச்சுன்னா மருந்தே வெஷம். மாத்தி ஊத்த வேற கடத்தண்ணியும் கெடையாது. கடலுக்குப் போற ரந்தாவ் ரோட்ட போலீஸ்காரன் மூடிட்டான்."

முத்தாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவளுடைய செம்புக் குடம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அமிர்தலிங்கம் ஸ்டோர் பொட்டலத்தை விரித்தார். நீலத்தில் சுண்ணாம்பும் மண்ணும் கலந்திருந்தன. மடித்து வைத்தார். டிஸ்பென்சரி புட்டியை எடுத்தார். அர்ச்சுனன் பிடிபட்ட பிறகு போலீஸ் வாராவாரம் வந்து ஒவ்வொரு புட்டியையும் நிறுத்துப் பார்க்கிறது. குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். மீனுக்குப் போட்டேன் என்றால் இன்ஸ்பெக்டர் சிரிப்பார். சிரிக்காமலும் இருக்கலாம்.

சின்னத் தராசில் நிறுத்தார். முள் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டார். ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகத் தொட்டியில் விட்டார். தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை இருந்தது. நேற்றுப் பார்த்தபோது மூன்று விரல் குறைவாக இருந்ததாக நினைவு.

கிளாஸ் காலியானது. பன்னிரண்டே முக்கால். மீன்கள் நீந்தின.

பிறகு ஒன்று நின்றது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பக்கவாட்டில் சாய்ந்தது.

"அளவு சரிதானே..." என்று அவர் தராசைப் பார்த்தார்.

வாசலில் துரையின் ஜீப் ஹாரன் கேட்டது. சிப்பாய் கேட்டைத் திறந்தான்.

முத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்தாள்.

"ஐயா, டெலிபோன்ல செம்பு செம்புன்னு பேசுனது காதுல விழுந்துச்சு. நேத்தே இந்தத் தொட்டித் தண்ணியில ஒரு கொடம் மொண்டு, நம்ம செம்புக் கொடத்துல ராவெல்லாம் ஊறவெச்சு, காலையில திருப்பி ஊத்திட்டேன். அதுவும் சேந்துக்குமா?"