எந்த வண்டியின் சிலிண்டர்?

பம்மலில் யூனிஸ் ஏறி இறங்கிய உதிரிபாகக் கடைகளிலெல்லாம் ஒரே கதைதான். அவள் பையிலிருந்து எடுத்துத் தரும் இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். “எந்த வண்டிது?” என்பார்கள். அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கார் அவள் அண்ணன் ஆரோனுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதன் பிரேக் சிலிண்டர் பழுதாகிவிட்டது; அவள் பையில் இருந்தது அதுதான். அந்த மாடலுக்கான சிலிண்டரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தும் பொருந்தவில்லை. முன்பு வைத்திருந்த யாரோ வேறு ஏதோ வண்டியுடையதை மாட்டியிருக்கிறார்கள். மேலே பொறித்திருந்த நம்பரைத் துரு தின்றுவிட்டது.

அண்ணி ஜோசலின் இறந்த பிறகு ஆரோன் தாம்பரம் வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. சர்ச்சுக்குக்கூட இல்லை. காருக்கு அடியில் படுத்துக் கிடக்கும்போது மட்டும் பழைய ஆரோனாக இருந்தான். இன்று காலை அதையும் விட்டுவிட்டான். “சாயங்காலம் காயலாங்கடைக்காரன் வரான். பழைய இரும்புக்கு எடுத்துட்டுப் போகட்டும்.”

கார் போய்விட்டால் அண்ணன் இனி எதற்காகப் படுக்கையிலிருந்து எழுவான்? யூனிஸ் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

பம்மலில் கை விரித்துவிட்டார்கள். பஸ் பிடித்துப் படப்பைக்குப் போய், பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் நின்றாள். அதன் சொந்தக்காரர் சவுரிமுத்து சலித்துக்கொண்டார்.

“இன்னாம்மா, எந்த வண்டின்னே தெரியாம வந்து நின்னுகினு கீறியே? அந்தக் குவியல்ல நீயே தேடிப் பாரு.”

வெயிலில் மண்டியிட்டுத் தேடினாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எதுவும் அதுவாக இல்லை. துருவேறிய தகடு உள்ளங்கையைக் கிழித்தது. ஆரோனுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. ஏறக்குறைய ஒத்துப்போன மூன்றைப் படமெடுத்து, யார்டு இருக்கும் இடத்தையும் எழுதி அனுப்பினாள். அதற்கும் பதில் இல்லை. ‘கர்த்தாவே’ என்று வாய்விட்டு அழுதாள்.

போன் அடித்தது.

“நடுவுல இருக்கறதத் திருப்பிப் பிடி. பைப் எந்தப் பக்கம் வருது?”

“தெரியலண்ணா.”

“போல்ட் ஓட்டை நேரா இருக்கா, சாஞ்சிருக்கா?”

“எனக்கு ஒண்ணுமே தெரியலண்ணா! கையெல்லாம் கிழிஞ்சிடுச்சு. நீ வா.”

மறுமுனையில் கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

“அங்கயே இரு,” என்றான்.

ஆட்டோவில் வந்து இறங்கினான். மழிக்காத தாடி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. வெளிச்சம் கூசிக் கண்ணைச் சுருக்கினான். முதலில் அவள் கையைப் பார்த்தான். கைக்குட்டையால் கட்டிவிட்டுக் குவியலருகே குந்தினான். ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, ஒதுக்கினான். நடுவில் காயலாங்கடைக்காரன் கூப்பிட்டபோது, “இன்னிக்கு வேணாம்பா,” என்று மட்டும் சொல்லிக் கட் செய்தான்.

பொழுது சாய்ந்தது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆரோனின் முகம் மறுபடி இருளத் தொடங்கியதை யூனிஸ் பயத்துடன் பார்த்தாள்.

சவுரிமுத்து கேட்டைச் சாத்த வந்தார். “பின்னால இன்னொரு குவியல் கீது சார். எல்லாம் பழைய வேனுங்களது. இப்ப இருட்டிடுச்சே.”

ஆரோன் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். பிறகு கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டான்:

“காலைல எத்தன மணிக்குத் தொறப்பீங்க?”