வலது பெருவிரல்

அடைக்கலராஜின் கவாத்துக் கத்தி தாவணிக்கு அடியில் சகாயராணியின் விலாவை அழுத்திக்கொண்டிருந்தது. காப்பிச் செடி கழிக்கிற வளைந்த கத்தி. பார்க்கிறவர்களுக்கு, சித்தப்பன் அண்ணன் மகளின் தோளில் கைபோட்டுத் தபாலாபீஸ் கூரையோரம் மழைக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரிதான் தெரியும்.

"உங்கம்மா மூவாயிரத்தோட வெளிய வரணும். வேற எவனாச்சும் வந்தான், ஒங் கொடலு இந்த ரோட்டுல கெடக்கும். வெளங்குதா புள்ள?"

பதினாறு வயதுக்காரிக்கு நன்றாகவே விளங்கியது.

அப்பா லாரி கவிழ்ந்து செத்ததற்கு எஸ்டேட் கொடுத்த பணம் அது. தரமாட்டேன் என்று அம்மா சூசையம்மாள் முந்தின நாள் சாயங்காலம் சொன்னதும், அடைக்கலராஜ் அவளைக் கீழே தள்ளி இடது கையை பூட்ஸ் காலால் மிதித்துத் திருகினான். எலும்பு நொறுங்கிய சத்தம் அடுப்படிவரை கேட்டது. "அழாதீங்க மதினி, இன்னொரு கை இருக்குல்ல. நாளைக்கு வெள்ளனே தபாலாபீசுக்கு வந்து எடுத்துக் குடுங்க."

ஜன்னல் வழியே அம்மா தெரிந்தாள். கிளார்க் பரமானந்தம் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அம்மா இடது கையைத் தூக்கினாள். பெருவிரல் கறுத்து வீங்கி மடங்கவே இல்லை. அதை இறக்கிவிட்டு வலது பெருவிரலை மையில் ஒற்றினாள்.

அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று சகாயராணிக்குத் தெரியும்.

போன மாசம் பெரும்பாறை பாப்பம்மாளை இரண்டு பேர் மிரட்டிக் கூட்டிவந்து பணம் எடுக்கவைத்தார்கள். அதிலிருந்து கைநாட்டு வைக்கிறவர்களிடம் பரமானந்தம் ரகசியமாகச் சொல்லிவைத்திருந்தார். "எப்பவும்போல இடது விரல வைங்க. எவனாவது மிரட்டிக் கூட்டியாந்தா வலத வைங்க. கதவப் பூட்டிட்டு போலீசுக்குப் போன் போட்டுருவேன்."

மிரட்டுகிறவன் வெளியே ஒரு பிள்ளையைப் பிடித்துவைத்திருப்பான் என்று அவர் யோசிக்கவில்லை. வலியில் அம்மாவுக்கு அந்தப் பேச்சே மறந்துபோயிருந்தது.

பரமானந்தம் ரேகையைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "செத்த இருங்கம்மா" என்று எழுந்து வாசலுக்கு நடந்தார்.

அப்போதுதான் அம்மா தன் விரலைப் பார்த்தாள். "ஐயா, வேணாம்! எம் புள்ள வெளிய நிக்குது!"

தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

"ஆத்தாளுக்கு ஒன்னயவிட ரூவா பெருசாப் போச்சோ?"

கத்தி உள்ளே இறங்குமுன் சகாயராணி தோளில் கிடந்த அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் தட்டியது. கத்தி விலாவிலிருந்து இடுப்புவரை தோலைக் கிழித்துக்கொண்டு போனது. வழுக்குச் சேற்றில் அவன் மல்லாக்க விழுந்தான். சுவரோரம் கிடந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். முதல் அடி கத்தி பிடித்த கையில். அடுத்தது வாயில். பரமானந்தம் ஓடிவந்து அவளைப் பிடித்து இழுக்கிறவரை அடித்தாள்.

அன்று ராத்திரி கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட விலா எரிந்தது. அம்மா கட்டிலோரம் ஸ்டூலில் இருந்தாள்.

"யம்மா, போலீசுட்ட ஒண்ணு சொல்லல."

"என்னத்த?"

"ரெண்டாவது அடிக்கு முன்னயே கத்திய விட்டுட்டான். 'சித்தப்பாடி, விட்டுரு'ன்னான். அதுக்கப்புறமுந்தான் அடிச்சேன். நிறுத்த முடியல."

அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிறுத்தியிருந்தா நீ இங்க உசுரோட படுத்திருக்க மாட்ட."

"அவன் பொழச்சு வந்துட்டா?"

அம்மா எழுந்து, ஒற்றைக் கையால் ஸ்டூலைக் கதவுவரை இழுத்துப்போய், கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள்.

"தூங்கு" என்றாள்.