ஐஸ் சட்டை

ஓட்டப் பைத்தியம் பிடித்த மனுசனைக் கட்டினால் வீட்டுப் பிரிஜ் கூடச் சொந்தமில்லை. ஜெகதீஸ்வரியின் பிரிஜ்ஜில் ஒரு கிழமையாக மீனுக்கு இடமில்லை. மேல்தட்டு முழுக்க ஐஸ் பக்கற்றுகள் நீட்டுநீட்டாகப் படுத்திருந்தன. பிள்ளைகள் சூப்புகிற அதே விரல்தடிப்புப் பைகள்தான், ஆனால் நிறமும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் பச்சைத்தண்ணீர்.

அவள் புருசன் நாகேந்திரம் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க். கொம்பனிக் கந்தோர்களுக்கு இடையிலான பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்தில் போன வருசம் எட்டாவது கிலோமீற்றரில் வெயில் தாங்காமல் விழுந்து, சேலைன் ஏற்றிக்கொண்டு வீடு வந்தவன். இந்த முறையும் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் போட்டியைச் சித்திரை வெயிலில் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்துவிட்டார்கள். ஓடுவதற்கு முன்னமே உடம்பைக் குளிரவைத்தால் சூடு ஏறப் பிந்தும், அதற்குள் ஓடி முடிக்கலாம் என்று எங்கேயோ வாசித்துவிட்டு வந்து நின்றான். வெளிநாட்டு வீரர்கள் அதற்கென்றே சட்டை போடுகிறார்களாம். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. பழைய பனியனில் நெஞ்சுக்கு ஆறு, முதுகுக்கு ஆறு என்று பொக்கற் தைத்து, இரு பக்கமும் நாடா வைத்துக் கொடுத்தாள்.

அதைப் பையில் கொண்டுபோய் பம்பலப்பிட்டி மைதானத்தில் போடுவதுதான் முதல் யோசனை. ஆனால் அது இரண்டாயிரத்து ஏழு, சண்டைக் காலம். காலி வீதியில் பையோடு போகும் தமிழனைச் செக்பொயின்றில் மறித்து, பையைக் கொட்டி, கிளறி, கேள்வி கேட்டு முடிக்க ஐஸ் தண்ணீராகிவிடும். பையே இல்லாவிட்டால் சோலியும் இல்லை என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். படித்த இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைக்கவில்லை. இரண்டேகாலுக்கு அவளே பக்கற்றுகளைச் செருகி, நாடாவை இறுக்கிக் கட்டி, மேலே தொளதொளத்த நீலச் சேட்டைப் போட்டு அனுப்பிவைத்தாள்.

மூன்றாம் மாடி பல்கனியில் நின்று அவன் போவதைப் பார்த்தாள். கொதிக்கிற வெயிலில் அந்த ஒல்லி மனுசன் நெஞ்சு புடைத்து, கைகள் உடம்பில் படாமல், விறைத்து விறைத்து நடந்துபோனான். சேட்டுக்குள்ளே வரிவரியாகத் தெரிந்தது. சந்தியில் நிற்கும் ஆமிக்காரன் எதைக் காண்பான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போனில் சொல்வோமென்று உள்ளே ஓடினாள். அவனுடைய கைபேசி மேசையில் கிடந்தது.

படிகளில் விழுந்தடித்து இறங்கி, ஒழுங்கை முழுக்க ஓடினாள். காலி வீதி தெரிந்ததும் ஓட்டத்தை நிறுத்தினாள். செக்பொயின்றை நோக்கி ஓடிவரும் தமிழ்ப் பெண்ணையும் சுடுவார்கள். கடைக்குப் போகிறவள்போல நடந்தாள். அந்த ஐம்பது யார் தூரத்துக்குப் பயந்ததுபோல அவள் வாழ்நாளில் எதற்கும் பயந்ததில்லை.

வரிசையில் அவனுக்கு முன்னால் நாலு பேர். சிப்பாயின் கை அவன் நெஞ்சைத் தடவும்வரைதான் தவணை. கூப்பிட்டால் திரும்புவான், வரிசையை விட்டு விலகுவான், விலகினவனைச் சும்மா விடமாட்டார்கள். அவனாகவே விளங்கிக்கொண்டு சேட்டுக்குள் கையை விட்டால் அதைவிட மோசம். இப்போது மூன்று பேர்.

பெண்களைச் சோதிக்கிற பொலிஸ்காரியிடம் போனாள். என் புருசன் ஓட்டக்காரன், உடம்பில் ஐஸ் கட்டியிருக்கிறார், தைத்தது நான்தான் என்று தெரிந்த சிங்களத்தில் மெல்லச் சொன்னாள். குண்டு என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை. எடுக்காமலே பொலிஸ்காரியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த நீலச் சேட்டுக்காரனா என்று கேட்டாள்.

ஜெகதீஸ்வரி தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து நாகேந்திரம் திரும்பி அவளைக் கண்டான். முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு ஆமிக்கு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிகளை ஊரில் இருந்தபோது கண்டிருக்கிறாள். தன் தலையும் ஒருநாள் அப்படி அசையும் என்று அவள் நினைத்ததே இல்லை.

விசில் ஊதினார்கள். சனம் சிதறியது. துவக்குகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. தூரத்தில் நின்றபடியே சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு பொத்தானாக, மெல்ல மெல்லக் கழற்றினான். பிறகு நாடா. அது லேசில் அவிழவில்லை. இந்தக் கையால்தானே இறுக்கினேன், இந்தக் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். கடைசியில் பனியன் தாரில் விழுந்தது. ஒரு பக்கற் கிழிந்து தண்ணீர் ஓடியது. “அயிஸ்” என்றான் ஒரு சிப்பாய். யாரோ சிரித்தார்கள்.

அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கந்தோர் விலாசம் எல்லாம் எழுதி முடிய நாலரை ஆகிவிட்டது. அதுவரை அவனை வெறும் மேலோடு சுடுதாரில் முழங்காலில் வைத்திருந்தார்கள். ஓட்டமும் முடிந்துபோயிருக்கும்.

அவனை விட்டபிறகு இருவரும் ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். அவள்தான் கேட்டாள்.

“என்னிலை கோவமோ உங்களுக்கு?”

“இல்லை. நீ சொல்லாட்டில் சுட்டிருப்பாங்கள். அது எனக்கு விளங்குது.” கொஞ்சத் தூரம் நடந்தான். “ஆனா நீ தலையாட்டின நேரம், மேலிலை கட்டியிருக்கிறது ஐஸ்தானோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது.”