சாலிமின் ரபாபா

மழைக்கு ஒதுங்கத்தான் அந்த மியூசியத்துக்குள் நுழைந்தார்கள். இலவசம் என்றால் யோகலிங்கம் நரகத்தைக்கூட ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவான். மேல்மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த அரபு வாத்தியம் நின்றது: சதுரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், குதிரைமயிரில் ஒற்றை நரம்பு, பக்கத்தில் வில். அவன் மனைவி சிவகௌரிக்குக் கால் நகரவில்லை.

"ரபாபா. இதுக்கு நெருப்புக் காட்டவேணும். ஈரக்காத்துக்குத் தோல் தளர்ந்துபோம்," என்றாள்.

"உமக்கெப்பிடித் தெரியும்?"

 குவைத் போரின்போது, வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் பஸ்ஸில் தப்பி வந்ததாகத்தான் கல்யாணத்துக்கு முன்பு அவனிடம் சொல்லியிருந்தாள். வேற்று ஆணோடு தனியே பாலைவனம் தாண்டியவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். புருஷன் எப்படிப் பார்ப்பான் என்று சோதிக்கத்தான் இத்தனை வருடமும் தைரியம் வரவில்லை. புலம்பெயர்ந்து வந்த பிளேஸ்டோவில், வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம், அன்று கூட்டிவந்த சாலிமுக்காகவும் சேர்த்துக் கும்பிடுவாள், வாய் திறக்காமல். இன்றைக்கு இதன் முன்னால் நின்று பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

சொன்னாள். அவள் சமைத்த வீட்டின் டிரைவர் சாலிம். பின்னேரங்களில் குசினி வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரபாபாவை நீட்டுவான். அவள் அடுப்பில் காட்டித் திருப்பிக் கொடுப்பாள். அவ்வளவுதான் பழக்கம். ஈராக் படை வந்தபோது முதலாளி குடும்பம் அவளை விட்டுவிட்டு ஓடியது. சாலிம்தான் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு ஜோர்தான் எல்லைக்குப் புறப்பட்டான். வழியில் ஒரு காவலரணில், விடிகாலையில், சிப்பாய்கள் அவளை இறங்கச் சொன்னார்கள். சாலிம் ரபாபாவை அவளிடம் நீட்டினான். அவர்களுடைய தேநீர் அடுப்பிலேயே அதைக் காட்டிக் கொடுத்தாள். அவன் வாசித்தான். முடிந்ததும் ஒரு சிப்பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு தடையைத் தூக்கிவிட்டான்.

"எல்லையிலை இறக்கிவிட்டிட்டு உடனை திரும்பிட்டார். ஒரு நன்றிகூட நான் சொல்லேல்லை."

யோகலிங்கம் கண்ணாடிப் பெட்டியருகே நெருங்கி வந்தான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"பயம்."

"விசரி." அவன் அவள் பக்கம் திரும்பினான். "அந்த மனிசன் இல்லாட்டி எனக்கு நீர் எங்காலை?"

மழையில் விறைத்த கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி, அந்தத் தோலுக்கு நேரே கண்ணாடியில் வைத்தான். அவளும் தேய்த்து, பக்கத்தில் வைத்தாள்.

மூலையில் இருந்த காவலாளி எழுந்து இவர்களை நோக்கி வரத் தொடங்கினார். இருவரும் கையை எடுக்கவில்லை.