கை விடாத

நுரை மறுபடியும் படுத்துவிட்டது. மருமகள் மீன்தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தண்ணீரைச் சுத்தம் செய்யும் அந்தப் பிளாஸ்டிக் குழாயை முறைத்துப் பார்த்தாள். காலையில் எழுந்து வரும்போது குழாயின் கழுத்துவரை ஏறி நின்ற நுரை, அவள் கை வைத்த கொஞ்ச நேரத்தில் சப்பென்று இறங்கிவிட்டது. சனியனே, உனக்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று வாய்க்குள்ளேயே திட்டினாள். சத்தமாகத் திட்ட முடியாது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

தொட்டி அவருடையது. உப்புத் தண்ணீர், ஒரு பாறை, பூ மாதிரி விரியும் பவளம் கொஞ்சம், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடி. மனிதர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க மேலே உட்கார்ந்து கீழே பார்த்தே பழகியதாலோ என்னவோ, வீட்டிலும் யாரிடமும் சரிசமமாகப் பேசியதில்லை. மருமகளுக்கு அவர் வைத்த பெயர் 'இந்தாம்மா'. கல்யாணமான புதிதில் தொட்டியைத் துடைக்கப் போனவளை அந்தப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரோஷக்காரி, அவளும் போகவில்லை.

பிறகு ஒருநாள் பக்கவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. தொட்டி வைத்தியமெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலை கதவைச் சாத்திக்கொண்டது. மகனுக்கோ மீன் வாடையே ஆகாது. வேறு யார் தலையில் விடியும்? வீட்டில் இளிச்சவாய் ஒருத்தி இருக்கிறாளே.

மீன்வளர்ப்புச் சாமான் விற்கும் கடைக்காரர் மாமனாருக்கு நெடுநாள் சிநேகிதர். அவர்தான் போனில், ஸ்கிம்மர் என்கிற அந்த நுரைக் குழாயைப் பற்றிப் பாடம் நடத்தினார். மோட்டார் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்துப் பொடிக் குமிழியாக்கும். குமிழி மேலே ஏறும்போது தண்ணீரிலுள்ள அழுக்கையெல்லாம் ஒட்டிக்கொண்டு போய், உச்சியில் உள்ள கோப்பையில் கஷாய நிறத்தில் கொட்டும். பக்கவாட்டில் ஒரு திருகு. கூட்டினால் குழாய்க்குள் தண்ணீர் மட்டம் ஏறும், குறைத்தால் இறங்கும். ரொம்ப ஏறினால் வெறும் தண்ணீர் பொங்கி வழியும், ரொம்ப இறங்கினால் நுரை பாதி வழியில் நின்றுவிடும். "மயிரிழை திருகிட்டு மறுநாள் வரைக்கும் சும்மா இருங்கம்மா. சும்மா இருக்கறதுதான் இதுல கஷ்டமான வேலை" என்றார். நல்ல கதை! அந்த வீட்டில் அவளுக்கு யாரும் கொடுக்காத ஒரே வேலை அதுதான்.

காலையில் மாமனாரைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, பிசியோதெரபிக்காரி சொன்னபடி உணர்ச்சியற்ற வலக்கையில் எண்ணெய் போட்டு விரல் விரலாக நீவிவிடுவாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே தொட்டிக்கு வருவாள். தண்ணீருக்குள் கையை விட்டு, மோட்டார் வாயில் பாசி அடைத்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். நுரை படுக்கும். திருகைக் கூட்டிவைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கடுகளவு திருகையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முடுக்குகிற கை அது. சாயங்காலம் திரும்பினால் கோப்பை பொங்கித் தரையெல்லாம் உப்புத் தண்ணீர். துடைத்துவிட்டுக் குறைப்பாள். மறுநாள் காலையில் கை வைப்பாள், படுத்துவிடும். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிய கதைதான்.

அலுத்துப் போயிற்று அவளுக்கு. குனிந்தால் நிமிர முடியாத அலுப்பு. இந்த மனிதர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டாள். நினைத்ததற்காக அழலாம் என்றால் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

நாத்தனார் வெளியூரில் இருப்பவள், கெட்டவள் இல்லை. முதியோர் இல்லம் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள். கட்டில் காலியாக இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மருமகள் கணவனிடம் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றான். அதைச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நல்லதாக முடிந்தால் பிள்ளை அப்பாவுக்குச் செய்தது. கெட்டதாக முடிந்தால் அவள் இஷ்டம். அனுப்பிவிடுவது என்று அவளே முடிவு செய்தாள். மாமனார் எதிரிலேயே பேசினார்கள். பேச்சு போனவருக்குக் காது போகவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணெய் தேய்த்து முடித்துத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நாத்தனாருக்குப் போன் செய்து பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"கை... விடாத."

திரும்பினாள். மாமனாரின் வாய் கோணியிருந்தது, கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. விழுந்த நாளிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவளிடம் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கியதில்லை, 'இந்தாம்மா' என்றால் தண்ணீர் வந்தாக வேண்டும். அவரா கெஞ்சுகிறார்? ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடமாட்டேன் மாமா. நான் இருக்கேன்."

நாத்தனாருக்குப் போன் செய்து அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டாள். அவளும் கோபப்படவில்லை, கட்டில் எப்படியும் கொஞ்ச நாள் காலியாகத்தான் இருக்கும், மனசு மாறினால் சொல்லுங்கள் அண்ணி என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் அதையே சொன்னார். கை விடாத, கை விடாத. தினமும் இவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரோ முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். பாவம், நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி நீவிவிட்டாள்.

நுரை ஒரேயடியாக நின்றது. தண்ணீர் கலங்கியது. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. பயந்துபோய், திருகையும் குழாயையும் போனில் வீடியோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினாள். அனுப்பிய சூட்டோடு அவர் கூப்பிட்டார்.

"அவருக்குப் பேச்சு வந்துடுச்சா? சொல்லவே இல்லையேம்மா."

வீடியோவில் பின்னால் மாமனாரின் குரல் விழுந்திருக்கிறது. "அந்த ரெண்டு வார்த்தைதாங்க. கைவிடாதன்னு கெஞ்சறார்" என்றாள்.

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னார்.

"கெஞ்சறாரா? திட்டறாரும்மா. கைய விடாதங்கறார், தண்ணிக்குள்ள. என் கடையில எவனாவது தொட்டியில கைய விட்டா இதே குரல்லதான் கத்துவார். உங்க கையில என்ன?"

"எண்ணெய்."

எண்ணெய் பட்டால் நுரை எங்கே நிற்கும் என்று கேட்டார். எண்ணெய் போனதும் தானாக ஏறும். அதற்குள் திருகைக் கூட்டி வைத்திருந்தால் பொங்காமல் என்ன செய்யும்? கொஞ்சம் தண்ணீரை மாற்றச் சொன்னார், கையைச் சோப்புப் போட்டு நன்றாக அலசச் சொன்னார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. கிடைக்கவிருந்த தூக்கத்தை இரண்டு மீனுக்காகவா தாரை வார்த்தாள்? நாத்தனாருக்கு ஒரு போன் போட்டால் போதும், கட்டில் இன்னும் காலிதான். போனைக் கையில் வைத்துக்கொண்டே மாமனார் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, தண்ணில கைய விடாதன்னுதான் சொன்னீங்களா? மீனுக்காகவா?"

அப்பாடா, இப்போதாவது புரிந்ததே என்பது மாதிரி அவர் தலையை ஆட்டினார்.

"உங்கள அனுப்பிடுவேன்னு பயந்து சொல்லலையா?"

அவர் தொட்டியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். வாய் இரண்டு மூன்று தடவை கோணி, எச்சில் வழிந்து, கடைசியில் வார்த்தை வந்தது.

"அது... அதுவுந்தான்."

அவள் எச்சிலைத் துடைத்துவிட்டாள். போனைப் பையில் போட்டுக்கொண்டாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப்போய், கூடத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்த கணவன் கையில் திணித்தாள். அவன் விழித்தான்.

"என் இஷ்டம்னு சொன்னீங்கல்ல? இதான் என் இஷ்டம். எண்ணெய் தேய்க்கற கை தொட்டியில படக்கூடாதாம். இனிமே உங்க அப்பா கை உங்களுது, தொட்டி என்னுது."

"எனக்கு நீவத் தெரியாதே."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமா?"

அவன் கிண்ணத்தோடு உள்ளே போனான். அவள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள், தண்ணீரை மாற்றினாள், திருகை மயிரிழை குறைத்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள்.