ஜின்ஜங் வந்திருக்கிறது

1

இந்தக் கதை இரண்டு வரியில் முடிந்திருக்க வேண்டியது. அதுவும் கதையாக அல்ல, ஓர் அறிவிப்பாக. தன் மினிபஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டுவதற்கு இரண்டு வரி எழுதித் தரும்படி மல்சுக் அக்கா என்னிடம் கேட்டார். என்னால் முடியவில்லை. இரண்டு வரி எழுத வராதவர்கள்தான் கதை எழுதப் போகிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

மல்சுக் அக்கா தென்கொரியாவின் புசானில், யோங்தோ தீவின் மேட்டுத் தெருக்களில் மினிபஸ் ஓட்டுகிறார். ஐம்பதைத் தாண்டியவர். நான் அதே மேட்டில் குடியிருக்கிறேன். தினமும் அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். வேலை என்பது, முகப்பூச்சு டப்பாக்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை மொழிபெயர்ப்பது. (யாரும் படிக்காத எழுத்து. அந்த வகையில் நான் ஏற்கெனவே இலக்கியவாதிதான்.)

கதையை இப்படித் தொடங்கினேன்:

மல்சுக்கின் முகம் சிவந்தது.

அந்த வரியை அடித்துவிட்டேன். தமிழில் ஒரு பெண்ணின் முகம் சிவந்தால் வெட்கம், இல்லாவிட்டால் கோபம். வாசகர் உடனே ஒரு காதலனையோ வில்லனையோ தேட ஆரம்பித்துவிடுவார். இங்கே இரண்டு பேருமே கிடையாது.

மல்சுக்கின் கன்னங்கள் ரோஜா—

சினிமாப் பாட்டாகிவிடும்.

மல்சுக்கின் மூக்கும் கன்னமும் எப்போதும் ஒரு மாதிரி—

"ஒரு மாதிரி" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் நம் ஊரில் என்ன அர்த்தம் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ரோசேசியா. மூக்கிலும் கன்னத்திலும் நிரந்தரச் சிவப்பு, மெல்லிய நரம்புக் கோடுகள், நடுவே பொடிக் கொப்புளம். வெயில் பட்டால் எரியும், குளிர் பட்டால் எரியும். நம் மொழியில் சிவந்த முகத்துக்கு இரண்டு பொருள் என்றால் இந்த ஊரில் ஒன்றுதான்: ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பஸ் ஓட்டுகிறவருக்கு அந்த ஒன்று போதும்.

2

அக்கா குடிப்பதில்லை. டெப்போவில் காலையில் ஊதிக் காட்டினால்தான் சாவி கொடுப்பார்கள். கருவியில் எப்போதும் பூஜ்யம்தான் வரும். ஆனால் அந்தப் பூஜ்யத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு போக முடியாதே. அவ்வப்போது யாராவது ஒரு பயணி, குடிவாடை அடிக்கிறது என்று குறை சொல்வார்.

[இங்கே ஒரு கட்டுரைப் பத்தி வருகிறது. அவசரமுள்ளவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் உங்கள் மூக்கு சிவப்பாக இருந்தால் தாண்டாதீர்கள்.]

இந்த ஊரில் முகத்தில் எது இருந்தாலும் முதல் வைத்தியம் குளியல் நிலையம். கொதிக்கும் தொட்டியில் ஊறி, சொரசொரப்பான பச்சைத் துணியால் அழுக்கு திரிதிரியாக உருளும்வரை தேய்ப்பது. அக்கா சிவப்பையும் அழுக்கு என்றே நினைத்துத் தேய்த்தார். அடுத்து மருந்துக்கடைக் களிம்பு. போட்ட வாரம் முகம் வெளுத்தது, நிறுத்திய வாரம் வட்டியோடு சிவந்தது. பிறகு கடைவீதி: கற்றாழை, அரிசித் தண்ணீர், நத்தைச் சளி, தேனீ விஷம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசுவதுதான் இங்கே ஒழுக்கமான பெண்ணுக்கு அடையாளம். அவர் வீட்டுக் கண்ணாடி மேசையில் கண்ணாடி தெரியாது, புட்டிகள்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாப் புட்டிகளின் பின்பக்கத்தையும் படித்தேன். முகம் துடைக்கும் தண்ணீர் ஒவ்வொன்றிலும் சாராயம், பாதிக்கு மேல் மெந்தாலும் வாசனையும். அக்கா வாழ்நாளில் குடித்ததில்லை. அவர் முகம் மட்டும் வருஷக்கணக்காகக் குடித்துக்கொண்டிருந்தது.

(அக்காவின் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. புசான்காரர்கள் கொஞ்சினாலும் தலைநகரத்துக்காரர்களுக்குச் சண்டை பிடிப்பது போலத்தான் கேட்கும். நான் மதுரைக்காரி. அதனால் அவரை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேச வைக்கிறேன், பெரிய வித்தியாசம் இல்லை.)

"சாராயமா? அடியே, அப்ப புகார் சொல்றவக மூக்கு நல்ல மூக்குத்தான் போல," என்றார் அக்கா.

"தோல் டாக்டர்கிட்டப் போவோம்க்கா."

"போனா அம்புட்டையும் தூக்கிப் போடச் சொல்லுவாக."

அப்படித்தான் சொன்னார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், நுரைக்காத கழுவும் திரவம், வாசனையில்லாத ஒரே ஒரு கிரீம், பகலில் துத்தநாகம் சேர்ந்த சன்ஸ்கிரீன், இரவில் மருந்து ஜெல். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் தாடைக்கு அடியில் பொட்டளவு தடவிச் சில நாள் பார்க்க வேண்டும். கொதிக்கும் தொட்டி கூடாது, காரம், அதாவது இந்த ஊர்க்காரர்கள் மூன்று வேளையும் தின்னும் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி, முடிந்தவரை கூடாது. கொப்புளங்கள் மெதுவாக அடங்கும், சிவப்பு முழுதாகப் போகும் என்று சத்தியம் பண்ண முடியாது, லேசர் வைத்தால் கொஞ்சம் குறையலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

"வெயில்ல நிக்காத, குளிர்ல நிக்காத, சுடுதண்ணிக்குப் போகாத, கிம்ச்சி திங்காத, கோவப்படாத. இந்த வைத்தியம் செத்தவளுக்குத்தான்டி ஒத்துக்கும்."

ஆனாலும் செய்தார். குளியல் நிலையத்துத் தோழிகளைப் பார்க்க முடியாமல் போனதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். அது எனக்குத் தெரியும், அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

3

இப்போது ஒரு சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும். கதாபாத்திரத்தை அறிமுகப்படுத்துவதைவிட இது கஷ்டம்.

நான் தேடிப் பிடித்த கிரீமின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ஒரே சொல்: ஜின்ஜங். எரிச்சலைத் தணிப்பது, அமைதிப்படுத்துவது என்று பொருள். அக்காவுக்குக் கிரீமின் பெயர் வாயில் நுழையவில்லை. "ஜின்ஜங்" என்றே சொல்ல ஆரம்பித்தார். அவர் வீட்டில் இருக்கும் நேரம் குறைவு என்பதால் டெப்போ முகவரிக்கு இரண்டு வாங்கி அனுப்பினேன்.

* இதே ஒலியில் வேறு இரண்டு சொற்களும் உண்டு. ஒன்றுக்கு மனதார, உண்மையாக என்று பொருள். மற்றொன்றுக்குப் புகார் மனு.

மேனேஜர் குக் டெப்போ வாசலில் ஒரு தாளோடு நின்றிருந்தார். அக்காவைவிட இளையவர், கெட்டவர் இல்லை. (அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். மீசை வைத்தேன். ஒட்டவில்லை, எடுத்துவிட்டேன்.)

"டிரைவரம்மா, ஒங்க பேருக்கு ஜின்ஜங் வந்திருக்கு."

"வந்திருச்சா? நல்லதாப் போச்சு. எத்தன?"

"எத்தனயா? ஒண்ணு."

"ஒண்ணுதானா? ரெண்டு வரும்னுல்ல சொன்னா."

"யாரு சொன்னது?"

"அந்த இந்தியாக்காரப் பிள்ள. எனக்காக மெனக்கெட்டு அவதான் அனுப்புனா."

"அவங்களா அனுப்புனாங்க? ஒங்க சிநேகிதக்காரங்கல்ல?"

"பின்ன, சிநேகிதமில்லாதவளா அனுப்புவா? குடுங்க சார், மூஞ்சில பூசிக்கிறேன்."

குக் அந்தத் தாளைக் கிழித்துப் போடத்தான் வந்திருந்தாராம். பிறகு சொன்னார். ஆனால் ஒரு ஓட்டுநர் தன் மேல் வந்த புகாரை, 'சிவந்த முகம், குடிபோதை' என்று எழுதியிருந்த புகாரை, முகத்தில் பூசிக்கொள்கிறேன் என்றால் எந்த மேனேஜருக்கும் கோபம் ஏறத்தானே செய்யும்?

"இன்னொரு ஜின்ஜங் வந்துச்சுன்னா வண்டிய விட்டு எறக்கிருவேன். அப்பறம் வண்டி கழுவுற பக்கந்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று மதியம் எனக்கும் போன் போட்டார், பழகினவரை இப்படிப் போட்டுக்கொடுக்கலாமா என்று கேட்பதற்கு. விளக்கி முடிப்பதற்குள் எனக்கே முகம் சி—

பார்த்தீர்களா.

விஷயம் புரிந்ததும் குக் சிரித்தார். ஆனால் மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது. இன்னொன்று வந்தால் தன் கையில் இல்லை என்றார். மாஸ்க் போட்டுக்கொண்டு ஓட்டுங்களேன் என்று யோசனை சொன்னார். அக்கா போட்டார். மூச்சின் சூடு உள்ளேயே சுற்றி, ஒரே வாரத்தில் கொப்புளங்கள் திரும்பி வந்தன.

4

அப்போதுதான் அந்த இரண்டு வரி. அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து எழுதினோம்.

ஓட்டுநரின் முகச்சிவப்பு ஒரு தோல் நோயால் ஏற்பட்டது.

"நோயின்னு போட்டா ஒட்டிக்கும்னு கடைசி சீட்டுக்கு ஓடுவாக."

ஓட்டுநர் மது அருந்தவில்லை.

"வெளங்கிரும். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேங்குற கத. சும்மா இருக்கவனுக்கும் சந்தேகம் வந்துரும்." (அவர் சொன்னது, திருடனுக்குத் தன் கால்தான் மரத்துப்போகும் என்ற அவர்கள் பழமொழி. அப்பனைக் கூட்டி வந்தது நான்.)

அன்பான பயணிகளே, தயவுசெய்து—

"பஸ் ஓட்டுறேனா, பிச்ச எடுக்கிறேனா?"

பேனாவை வைத்துவிட்டேன். அக்கா எழுந்து போய்க் கிரீம் பெட்டியை எடுத்து வந்தார். முன்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினார். மறுநாள் அது பஸ்ஸில், பயணிகளைப் பார்த்தபடி, கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருந்தது: ஜின்ஜங்.

கொண்டை ஊசி வளைவில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் அதை "அமைதி" என்று படிக்கிறார்கள். தேவாலயத்துக்குப் போகும் அம்மாள் "மனதார" என்று படித்துத் தலையாட்டினார். குக் ஏறிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"புகாரா? யாரு மேல?"

"ஏறுறவுக முடிவு பண்ணட்டும் சார்," என்றாராம் அக்கா.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் தேடினேன். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கவில்லை. டப்பாவின் பின்பக்கத்தில் இப்படி ஆகும்போது மூலச்சொல்லையே போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வோம். இங்கேயும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

5

முடிவுகள்.

(அ) புகார் கொடுத்தவர் வந்து மன்னிப்புக் கேட்கிறார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. தெரியாதவரை அழ வைப்பது மரியாதை இல்லை.

(ஆ) இரண்டாவது புகார் வருகிறது. அக்கா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பஸ் கழுவு— இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

(இ) ஜெல்லும் லேசரும் வேலை செய்து, வசந்தகாலத்தில் ஒரு காலை, அக்காவின் முகம் பால் போல வெளுத்திருக்கிறது. பயணிகள் வணக்கம் சொல்கிறார்கள்.

(இ)யை அக்காவுக்கு வாய்மொழியாக அவர்கள் மொழியில் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லைதான். கதையிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அக்கா கிம்ச்சியைத் தண்ணீரில் அலசி, காரம் போக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"நல்லாத்தேன் இருக்கு," என்றார். "ஆனா அது யாரு?"

"நீங்கதான்க்கா."

"மூஞ்சி வெளுத்தாத்தேன் என்னய நம்புவாகளா? கதையிலயுமா?"

(இ)யை எடுத்துவிட்டேன். மேலே நீங்கள் பார்ப்பது, அடித்த கோட்டுக்கு அடியில் தெரிவதைத்தான்.

கொப்புளங்கள் இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டன. மாஸ்க் இல்லை. சிவப்பு இருக்கிறது. அதன் மேல் துத்தநாகம் சாம்பல் பூசினது போல லேசாகத் தெரியும்.

ஆகவே, முடிவு என்னிடம் இல்லை. கோயில்மேட்டு நிறுத்தத்தில் பஸ் நிற்கிறது, நீங்கள் ஏறுகிறீர்கள். இவ்வளவு தூரம் படித்தது எதுவும் உங்களுக்கு ஞாபகம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறும்போது யாருக்கும் எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்க்கிறார். அந்த முகம் உங்களுக்கு நேராக இருக்கிறது. அவர் இருக்கைக்குப் பின்னால், எல்லாப் பஸ்ஸிலும் இருப்பது போல, புகார் எண் ஒட்டியிருக்கிறது. ஊதும் கருவி உங்களிடம் இல்லை, கையில் போன் இருக்கிறது. முன்னால் செங்குத்தான மேடு.

மல்சுக்கின் முகம்

(இங்கே வினைச்சொல்லை நீங்கள் போட வேண்டும்.)

கதவு மூடுகிறது. அக்கா எல்லாரிடமும் கேட்பதைத்தான் உங்களிடமும் கேட்கிறார்:

"நல்லாப் பிடிச்சுக்கிட்டீகளா? எடுக்கவா?"