தானா நடக்கும் மெஷின்

பெர்சிஸ் டீச்சருக்குப் புல்தரை ஆசை தொற்றியது மெல்பர்னில், மகள் ரீபாவின் வீட்டில். அங்கே மருமகன் சனிக்கிழமை காலைகளில் புல் வெட்டும் மெஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் காப்பிக் கோப்பையோடு உலாவப் போவதுபோல் நடப்பார். அவருக்குப் பின்னால் தரை, கிராப்பு வெட்டிய தலைபோல வழவழவென்று கிடக்கும். பாளையங்கோட்டைக்குத் திரும்பிய மாதமே டீச்சர் வீட்டு முன்னால் நின்ற முருங்கையை வெட்டி, கனகாம்பரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புல் பதித்தார். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஜெபத்துக்கு நிற்கும் வரிசையில் ஒரு சடை பிசகினாலும் பொறுக்காதவர். புல்லும் தன் பேச்சைக் கேட்டு வளரும் என்று நம்பினார்.

ஐப்பசி மழை அந்த நம்பிக்கையைக் கரைத்துவிட்டது. புல் கரண்டைக்காலை மறைத்ததும் டீச்சர் வண்ணார்பேட்டையில் எபனேசரின் கடைக்குப் போனார். எபனேசர் விவசாயக் கருவிகள் விற்பவர். டீச்சர் போகும் கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில் அடிக்குரல். சபைக் காரியங்களைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியிலும் உண்டு. யாவாரத்தையும் விசுவாசத்தையும் ஒரே நாக்கில் வைத்திருப்பவர்.

"இது தானா நடக்கும் டீச்சர். நீங்க சும்மா ஒரு விரலை வச்சிக்கிட்டு பின்னால போனா போதும். கர்த்தருக்குள்ள சொல்லுதேன்."

மறுநாள் காலை டீச்சர், வாங்கி வந்த மெஷினைக் கிளப்பும் கயிற்றைச் சுண்டிச் சுண்டித் தோள்பட்டை கழன்ற பிறகு அது உறுமியது. வாசல் சிமெண்டுப் பாதையில் கல்யாண ஊர்வலம்போல நடந்தது. புல்லில் கால் வைத்ததும் நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தன. டீச்சர் தள்ளிப் பார்த்தார். தானாக நடப்பதற்கென்று உள்ளே வைத்திருந்த பல்சக்கரங்களின் கனத்தையும் சேர்த்து அவரே தள்ள வேண்டியிருந்தது. மூச்சு வாங்க நின்றபோது மெஷினுக்குத் திடீரென்று தன் வேலை நினைவுக்கு வந்தது. டீச்சரையும் இழுத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டியது. போன வழியில் ஓர் இடத்தில் மண் தெரிய மழித்திருந்தது. அடுத்த அடியில் மீசை விட்டிருந்தது.

நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த எஸ்றா, டீச்சரின் கணவர், கருவூலத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், தலையை மட்டும் தூக்கினார்.

"பெர்சி, நீ அதை நடத்துதியா, அது உன்னை நடத்துதா?"

டீச்சர் எபனேசருக்குப் போன் போட்டார்.

"புல்லு ஈரமா இருக்கும் டீச்சர். காயட்டும்" என்றார் எபனேசர்.

வெயில் அடித்துப் புல் காய்ந்தது. மெஷின் அப்போதும் நின்றது.

"ரொம்பக் காய விட்டுட்டீங்க. நார் மாதிரி ஆயிருக்கும்லா?"

பிறகு மேலப்பாளையத்திலிருந்து அம்மார் என்ற மெக்கானிக்கை அனுப்பினார். அம்மார் மெஷினைக் குப்புறக் கவிழ்த்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சது பம்புசெட்டு, டீச்சர். இதை இன்னைக்குத்தான் பாக்கேன். தரையில சரிவு இருக்குன்னு சொல்லிட்டு வரச் சொன்னாங்க. சொல்லிட்டேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை எபனேசர் போனில் கடைசி அஸ்திரத்தையும் விட்டார். "அது வெளிநாட்டு வேகம், டீச்சர். நீங்க வயசுக்கு ஏத்தாப்ல பைய நடக்கீங்க போல."

டீச்சருக்குக் காது சுட்டது. "மெஷின் ஏன் நடக்கலைன்னு நான் கேக்கேன். நான் ஏன் நடக்கலைன்னு நீங்க கேக்கீங்க. நல்லாருக்கு எபனேசர்."

மறுநாளே மெஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கடையில் கொண்டுபோய் இறக்கினார். எபனேசர் சிரித்துக்கொண்டே கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். அது கடையின் வெள்ளை டைல்ஸில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அன்னம்போல நடந்து காட்டியது. நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பாத்தீங்களா? குறை மெஷின்ல இல்லை."

"டைல்ஸ்ல புல்லு முளைச்சா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் அதை அங்கேயே விட்டு வந்தார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். அறுப்பின் பண்டிகை ஆராதனையில் குருவானவர் காணிக்கைகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். "நம் ஆலய வளாகத்துக்கு, தானாக நடந்து புல் வெட்டும் இயந்திரம் ஒன்றை அன்புடன் வழங்கியிருக்கும் சகோதரர் எபனேசர் குடும்பத்தாருக்கு நம் ஸ்தோத்திரங்கள். அதைப் பராமரிக்கும் பொறுப்பை, அந்த இயந்திரத்தில் அனுபவமுள்ள பெர்சிஸ் டீச்சர் அம்மா ஏற்றுக்கொள்வார்கள்."

சபை தலையாட்டியது. எஸ்றா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. பாடகர் வரிசையில் எபனேசர் கண்ணை மூடி உருக்கமாக நின்றிருந்தார். கடைக்குத் திரும்பி வந்த மெஷினும் அவர் கையைவிட்டுப் போனது, அதற்கு ஸ்தோத்திரமும் வாங்கியாயிற்று, வேலைக்கு ஆளும் கிடைத்தாயிற்று. டீச்சர் அடுத்த பாட்டை ஒரு வரி விடாமல் பாடினார். பாடி முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

வெளியே, காணிக்கையாக வந்த வாழைத்தார்களையும் பூசணிகளையும் கீரைக்கட்டுகளையும் ஏலம் விடுவதற்காகப் பாய்களில் பரப்பியிருந்தார்கள். டீச்சர் நேராகக் குருவானவரிடம் போனார்.

"பொறுப்பை ஏத்துக்கிடுதேன் ஐயா. ஆனா முதல் வெட்டு, கொடுத்தவங்க கையால நடக்கட்டும். சபையும் பாத்து சந்தோஷப்படட்டும்."

குருவானவருக்கு அது பக்தியாகப் பட்டது. உடனே எபனேசரைக் கூப்பிட்டார். பட்டுக்கரை வேட்டியில் வந்த எபனேசர் டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் தயங்கினார். ஆனால் அத்தனை பேர் நடுவில் என்ன சொல்லித் தப்ப முடியும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைச் சுண்டினார்.

கோயில் புல்லில் மெஷின் நின்றது. சக்கரம் சுற்றியது. எபனேசர் தள்ளினார். சட்டை முதுகோடு ஒட்டியது. "தானா நடக்கும்னாங்க?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். அவர் விசையை முழுசாக அமுக்கி, உடம்பையும் அதன்மேல் சாய்த்தார். மெஷின் துள்ளிப் பாய்ந்தது. கூட்டம் விலக, எபனேசர் பின்னாலேயே ஓட, அது நேராகப் பாயில் ஏறிக் கீரைக்கட்டுகளின்மேல் போய்ப் படுத்து அணைந்தது.

கீரை கொண்டுவந்திருந்த சாரம்மாள் ஒரு கட்டை உருவி எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, இதை வெட்டுனதுன்னும் சொல்ல முடியலை, வெட்டாததுன்னும் சொல்ல முடியலை. மென்னு துப்புன மாதிரில்லா இருக்கு."

சிரிப்பு கோயில் மதில்வரை போனது. எபனேசர் நெற்றியைத் துடைத்தார். "இங்கன தரை கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க எபனேசர்" என்றார் டீச்சர், வகுப்பில் கேட்கிற அதே குரலில். "கோயில் தரைக்கு என்ன குறை?"

எபனேசர் சேகரத்தாரைப் பார்த்தார், குருவானவரைப் பார்த்தார். "வேற ஒண்ணு கொடுத்திருதேன் ஐயா" என்று முனகிவிட்டு, அணைந்துகிடந்த மெஷினைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். பொறுப்பைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஆட்டோவில் வீடு வருகிறவரை டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது. கேட்டைத் திறந்ததும் குளிர்ச்சி போய்விட்டது. முழங்கால் உயரப் புல் காற்றில் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது. சுவரோரம் மழித்த இடத்தில் மட்டும் ஒன்றுமே முளைக்கவில்லை.

"இதை என்ன செய்யப்போற?" என்று கேட்டார் எஸ்றா.

டீச்சர் கேட்டைச் சாத்தினார்.

"ரீபா வீடியோ கால் போட்டா, வாசல் பக்கம் போனைத் திருப்பிரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதையை மூடிச் சாய்ந்திருந்த புல்லுக்குள் இறங்கி வீட்டுக்குப் போனார்.